விலையில்லாத் தோட்ட நீர்

2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெங்களூர்க் குடிநீர் வாரியம் ஓர் ஆணை பிறப்பித்தது. குடிநீரைத் தோட்டத்திற்குப் பாய்ச்சுதலும், அதைக் கொண்டு வண்டி கழுவுதலும் கூடா. மீறினால் 5000 ரூபாய் தண்டம் என்பது அவ்வாணை. எங்கள் விடுதியின் முன்புறத்தில் நாங்கள் நட்டு ஓராண்டே ஆன வேப்பங்கன்றுகள் நான்கு நின்றன. விடுதியின் பின்புறத்திலோ கழிவுநீரைத் தூய்மை செய்யும் சிறு நிலையம் ஒன்று இருந்தது. அதிலிருந்து வெளிவரும் தெளிந்த நீர் யாருக்கும் பயனின்றிக் கால்வாயில் சென்று கலந்துகொண்டிருந்தது. அந்நீரை வாளியில் மொண்டு வந்து கன்றுகளுக்கு ஊற்றலாமா என்ற பேச்சு எழுந்தது.

"சாக்கடைத் தண்ணீரையா கையால் தொடுவது?" என்று ஒரு நண்பர் முகம் சுளித்தார். "செடிக்கு எந்தத் தண்ணீராய் இருந்தால் என்ன?" என்றார் மற்றொருவர். இருவர் கூற்றும் தவறு என்று எனக்குப் பட்டது. ஆனால் எவ்வாறு தவறு என்று அன்று என்னால் விளக்க இயலவில்லை. சுற்றுப்புறப் பொறியியல் பயிலும் மாணவனுக்கு இது வெட்கத்துக்குரிய நிலைதான். அந்த வெட்கத்தால் நான் தேடிப் படித்தவற்றுள், கலிபோர்னியாவில் ஒரு நீர் வாரியம் செய்து பார்த்த முயற்சியே என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது. அதையே இங்கு எழுதுகிறேன்.

கலிபோர்னியாவில் 2012 முதல் 2016 வரை கடும் வறட்சி நிலவியது. அம்மாநில மக்களுக்கு மலைப்பனியும் ஒரு பெரிய நீர்த்தேக்கம். குளிர்காலத்தில் சியரா நெவாடா மலையில் உறையும் பனி, வேனிலில் உருகி ஆறுகளில் இறங்கும். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், பனியின் ஆழத்தை அளக்க வந்த அலுவலரோடு ஆளுநர் ஜெர்ரி பிரவுனும் மலைமேல் நின்றார். ஆள் உயரம் பனி கிடக்க வேண்டிய அவ்விடத்தில் வெறும் புல்தான் இருந்தது. மாநிலம் முழுவதும் இருந்த பனி, வழக்கமான அளவில் 5 விழுக்காடே. நகரங்கள் தம் நீர்ச்செலவில் 25 விழுக்காட்டைக் குறைக்க வேண்டும் என்று அன்றே அவர் ஆணையிட்டார்.

இதற்கு முன்னரே, 2014 சூன் திங்களில், டப்ளின் என்னும் ஊரை ஒட்டி ஒரு புது வழி திறக்கப்பட்டது. இது அயர்லாந்து நாட்டுத் தலைநகரன்று. சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே, குன்றுகளுக்கு அப்பால் உள்ள ஓர் ஊர். அங்கே 'டப்ளின் சான் ரமோன் சர்வீசஸ் டிஸ்ட்ரிக்ட்' என்னும் நீர் வாரியம், தன் கழிவுநீர்த் தூய்மை நிலையத்தின் வாயிலில் குழாய்களைப் பொருத்தியது. "வீட்டுத் தோட்டத்திற்கு வேண்டிய நீரைப் பாத்திரம் கொண்டுவந்து பிடித்துக்கொள்ளுங்கள்; காசு வேண்டாம்" என்று குடிமக்களை அழைத்தது. கலிபோர்னியாவில் இத்தகைய நிலையம் இதுவே முதலாவது. பின்னர் லிவர்மோர், மார்ட்டினெஸ் ஆகிய ஊர்களிலும் இவ்வாறே திறந்தனர்.

அவ்வூரார் எவ்வளவோ வசதி படைத்தவர்கள். குழாயைத் திருகினால் நீர் வரும் என்பதன்றி வேறொன்றும் அறியாதவர்கள். அவர்கள் பிளாஸ்டிக் கேன்களையும் பெரிய தொட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நம் ஊர்த் தெருக்குழாயடியைக் கண்டவர்களுக்கு இக்காட்சி புன்னகையை வரவழைக்கும். குடத்துக்கு மாறாகக் கேன், இடுப்புக்கு மாறாக மோட்டார் வண்டி, வேறுபாடு அவ்வளவே.

இனி, அந்த நீர் எத்தகையது என்று பார்ப்போம். வீட்டுக் கழிவுநீர் முதலில் தொட்டிகளில் தங்கிக் கசடு படியும். அடுத்து, காற்று ஊட்டிய தொட்டிகளில் நுண்ணுயிர்கள் அந்நீரில் கரைந்துள்ள அழுக்கைத் தின்று தீர்க்கும். நம் நாட்டு நிலையங்கள் பல இந்த இரண்டாம் படியோடு நின்றுவிடுகின்றன. கலிபோர்னியச் சட்டம் வீட்டுத் தோட்டத்துக்கு மூன்றாம் படியையும் வேண்டுகிறது. மணலாலோ மென்சவ்வாலோ வடிகட்டி, பின் குளோரினாலோ புறவூதா ஒளியாலோ கிருமிகளைக் கொல்ல வேண்டும். மணல்வழி வடித்த நீரின் கலங்கல், ஒரு நாள் சராசரியில் 2 அலகுக்கு மேற்படலாகாது. 100 மில்லிலிட்டர் நீரில் கோலிபார்ம் என்னும் நுண்ணுயிர்கள் ஏழு நாள் இடைநிலை அளவாக 2.2ஐத் தாண்டலாகாது. இந்த அளவுகளுக்கு உட்பட்ட நீரைப் பள்ளி மைதானத்திலும் பூங்காவிலும் தெளிக்கலாம். பச்சையாகத் தின்னும் காய்கறிக்குக்கூடப் பாய்ச்சலாம் என்கிறது அச்சட்டம். குடிக்க மட்டும் ஆகாது.

இப்பொழுது என் நண்பர் இருவரின் தவறும் புலப்படும். முகம் சுளித்தவர், கழிவுநீர் என்ற பெயரைக் கண்டு அஞ்சினார். அதன் இன்றைய நிலையை நோக்கவில்லை. எந்தத் தண்ணீராயினும் சரி என்றவரோ, அந்நிலையை அளந்து பார்க்க வேண்டும் என்பதையே மறந்தார். எங்கள் விடுதி நிலையத்தில் மணல் வடிகட்டி இருந்தது. ஆனால் கிருமிகளை எண்ணிப் பார்த்த கணக்கேடு இல்லை. ஆகவே அந்நீரைத் தெளிக்காமல், கன்றின் அடியில் மெல்ல ஊற்றிப் பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதே முறை என்று முடிவு செய்தோம்.

டப்ளினில் நீர் பிடிக்க வந்தோர் முதலில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துச் சிறிது நேரம் பயிற்சி பெற வேண்டியிருந்தது. பாத்திரத்தின் மேல் 'குடிக்காதீர்' என்ற சீட்டு ஒட்டியிருக்க வேண்டியிருந்தது. வீட்டுக் குழாயோடு அந்நீரை இணைக்கவே கூடாது. நீர் தெருவுக்கோ மழைநீர்க் கால்வாய்க்கோ வழிந்து ஓடக்கூடாது. குடிநீர்க் கிணற்றுக்கு 50 அடிக்குள் பாய்ச்சக்கூடாது. இவை வீண் கெடுபிடிகள் என்று சிலர் எண்ணக்கூடும். குழாய் இணைப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்தில் லைட்ஸ்க ரைன் என்னும் குடியிருப்பில் வீடுதோறும் இருவகைக் குழாய்கள் அமைத்தனர். ஒன்று குடிநீர், மற்றொன்று அரைகுறையாகத் தூய்மை செய்த ஆற்றுநீர். 2001ஆம் ஆண்டு இரண்டும் தவறுதலாக இணைந்துவிட்டன, மக்கள் நோயுற்றனர். 2003இல் அந்நாட்டு அரசு அம்முறையையே கைவிட்டது. கழிவுநீர்கூட அன்று, ஆற்றுநீருக்கே இந்நிலை! இதனால்தான் கலிபோர்னியாவில் இந்நீர் செல்லும் குழாய்களுக்கு ஊதா நிறம் பூசுகின்றனர். மண்ணைத் தோண்டும் தொழிலாளி ஊதாவைக் கண்டால் இது குடிநீரன்று என்று அக்கணமே அறிவான்.

தேக்கிவைத்தலைப் பற்றிய விதியை நான் பட்டறிந்தே கற்றேன். ஏப்ரல் விடுமுறைக்கு ஊர் செல்லுமுன், ஒரு டிரம் நிறைய அந்நீரைப் பிடித்து இறுக மூடிவைத்தேன். திரும்பி வந்ததும் உடனே கன்றுகளுக்கு உதவும் என்பது என் கணக்கு. பத்து நாள் கழித்து மூடியைத் திறந்தபோது எழுந்த நாற்றத்தை எழுத்தில் வடிக்க இயலாது. பக்கத்து அறையார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. குளோரின் நாளடைவில் மறைந்துவிடும். நீரில் எஞ்சிய உணவை உண்டு நுண்ணுயிர்கள் மீண்டும் பெருகும். மூடிய டிரம்மில் காற்றும் இல்லையாதலால் அழுகல் வாடை பிறக்கும். மூடாமல் வைத்தாலோ கொசு முட்டையிடும். கொண்டுவந்த நீரை இரண்டொரு நாளில் செலவிட்டுவிடுவதே நன்று.

செடிகளின் பக்கமும் சொல்ல வேண்டியது உண்டு. இந்நீரில் நைட்ரசனும் பாஸ்பரசும் சிறிது தங்கியிருப்பதால் உரச்செலவு ஓரளவு குறையும். ஆனால் உப்பும் உண்டு. நாம் உண்ணும் உப்பும், துணி துவைக்கும் தூளும் எங்கே போகும்? மூன்றாம் படித் தூய்மையும் கரைந்த உப்பை நீக்குவதில்லை. கலிபோர்னியாவின் பெருமையாகிய செம்மரங்கள் (நம் செஞ்சந்தனம் அன்று, வானளாவும் ஊசியிலை மரங்கள்) இவ்வுப்பைத் தாங்கமாட்டா, இலை நுனி கருகும். மழை பெய்து மண்ணை அலசும் வரை அவ்வப்போது நல்ல நீரும் பாய்ச்ச வேண்டியிருக்கும்.

எல்லாவற்றினும் சுவையானது கணக்குத்தான். டப்ளினில் ஒருவர் ஒரு முறையில் 300 காலன் வரை எடுத்துச் செல்ல இசைவு இருந்தது. அமெரிக்கக் காலன் ஒன்று 3.785 லிட்டர், ஆகவே 300 காலன் ஏறத்தாழ 1136 லிட்டர். அதன் எடை ஒரு டன்னுக்கும் மேல்! சாதாரணக் காரின் பின்புறம் அதைத் தாங்குமா? தாங்காது, சுமைவண்டி வேண்டும், அதிலும் வலியது வேண்டும். சரி, கொண்டு சேர்த்துவிட்டார் என்றே கொள்வோம். வீட்டின் முன் 100 சதுர மீட்டர் புல்தரை இருந்தால், வேனில் நாளில் அது 5 மில்லிமீட்டர் உயரத்து நீரைக் குடித்துவிடும். அதாவது நாளொன்றுக்கு 500 லிட்டர். அரும்பாடுபட்டுக் கொணர்ந்த ஒரு டன் நீர் இரண்டே நாளில் தீர்ந்தது! அதே நீரை எங்கள் நான்கு வேப்பங்கன்றுகளுக்கு, ஒன்றுக்கு வாரம் 40 லிட்டர் வீதம் ஊற்றினால் ஏழு வாரம் வரும். வறட்சியில் புல்லை விட்டு மரத்தைக் காக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. புல் கருகினால் மழையில் மீளும். முப்பது ஆண்டு வளர்ந்த மரம் பட்டால் மீளாது.

இந்த நீர் உண்மையில் இலவசமா என்பதே என்னை நெடுநாள் வருத்திய வினா. வாரியம் காசு வாங்கவில்லை என்பது மெய். தோட்டத்துக்குப் பயன்படாமல் எஞ்சிய நீரைக் குன்றுகளுக்கு அப்பால் குழாய்வழி செலுத்திச் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் விட்டு வந்தனர். அதில் ஒரு பகுதியை மக்கள் தாமே வந்து எடுத்துச் செல்வதால் இழப்பு சிறிது. ஆனால் எடுத்துச் செல்பவனுக்கு வண்டி வேண்டும், எரியெண்ணெய் வேண்டும், தொட்டி வேண்டும், ஓய்வும் உடல்வலிமையும் வேண்டும். வண்டியில்லாத மூதாட்டிக்கும், இரண்டு வேலை பார்க்கும் கூலியாளுக்கும் விலையில்லா நீரால் யாது பயன்? கொடுப்பவன் வாசலில் வைத்துக் கொடுப்பது ஒன்று. பெறுபவன் வாசலுக்குச் சேர்ப்பது வேறொன்று. புளோரிடா மாநிலத்துச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம் தனிக்குழாய் இட்டு வீட்டுப் புல்தரைகளுக்கு இந்நீரை வழங்கி வருகிறது. அங்கே கட்டணம் உண்டு. கட்டணம் உள்ள அந்த நீரே எளியவனுக்கு எட்டும் நீர் என்று நான் கருதுகிறேன். நண்பர்கள் மாறுபடலாம்.

டப்ளின் நிலையம் நிலைத்து நிற்கவில்லை. பூங்காக்களும் பள்ளிகளும் சாலையோர மரங்களும் ஊதாக் குழாயில் ஒவ்வொன்றாக இணைந்தன. கோடையில் அவற்றின் தேவைக்கே நீர் போதவில்லை. மற்றொன்றும் நேர்ந்தது. வறட்சிக்கு அஞ்சி மக்கள் வீட்டுக்குள் சிக்கனமாகக் குளித்தார்கள், சிக்கனமாகத் துவைத்தார்கள். ஆகவே சாக்கடைக்கு வரும் நீரே குறைந்தது. கழிவு குறைந்தால் கழிவிலிருந்து பிறக்கும் நீரும் குறையத்தானே செய்யும்! இறுதியில் வீட்டாருக்கான அக்குழாய்களை வாரியம் மூடிவிட்டது.

எங்கள் விடுதியிலும் அந்த மே மாதத்தில் இதே புதிர் சிறிய அளவில் தோன்றியது. விடுமுறைக்கு மாணவர் பலர் ஊர் சென்றுவிட்டதால் நிலையத்தில் நீர் சொட்டுச் சொட்டாகவே வந்தது. நான்கு வாளி நிரம்ப அரை நாள் ஆயிற்று. இருந்த நாங்கள் மூவர் முறை வைத்துக்கொண்டு ஊற்றினோம். சூனில் மழை வந்தது. கன்றுகளில் ஒன்று பட்டுப்போயிற்று. மூன்று இன்று என் தோளுயரம் நிற்கின்றன.