கோளாறு சார்ஜரிலா, மதர்போர்டிலா?

கேள்வி: ஆலங்காயத்தில் தட்டச்சும் ஆன்லைன் விண்ணப்பமும் செய்து கொடுக்கும் சிறு கடை வைத்திருக்கிறேன். அதற்காக வாணியம்பாடியில் 52,000 ரூபாய்க்கு வாங்கிய லேப்டாப், ஓராண்டு வாரண்டி முடியுமுன், பதினோராவது மாதத்தில் மந்தமாகிவிட்டது. பிராசஸர் 0.4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறவில்லை. வெளிச் சார்ஜர் போட்டதால் மதர்போர்டு பழுது, 18,000 ரூபாய் ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் சொல்லி விட்டார்கள். பழைய சார்ஜரின் ஒயரை எலி கடித்ததால் வேறு வாங்கியது உண்மைதான். இது நடந்து 22 மாதமாகிறது. லேப்டாப் வாங்கியதற்குப் பில் இல்லை, எஸ்டிமேட் சீட்டுதான். வழக்குப் போடலாமா?
– ஒரு வாசகர், ஆலங்காயம்

பதில்: தாங்கள் நான்கு பக்கங்களில் எழுதியதை இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன், சர்வீஸ் சென்டர் ஊழியர் பேசிய தோரணையைப் பற்றிய ஒன்றரைப் பக்கத்தால் நுகர்வோர் ஆணையத்தின் முன் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

இவ்விவகாரத்தை நிர்ணயிக்கப் போவது ஒரே விஷயம்: யந்திரம் மந்தமானது அதனுள்ளேயே இருந்த குறைபாட்டினாலா, தாங்கள் பின்னால் சேர்த்த சார்ஜரினாலா என்பதே அது. பிராசஸர் தனக்குச் சூடு ஏறினால் மட்டுமன்றி, மதர்போர்டின் இதர பாகங்கள் ஆபத்தென்று சமிக்ஞை கொடுத்தாலும், தான் குளிர்ந்தே இருந்தபோதிலும், மிகத் தாழ்ந்த வேகத்துக்கு இறங்கிவிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. சார்ஜரை யந்திரம் அடையாளம் காணாவிடினும், அதன் வாட் அளவு போதாவிடினும், பாட்டரி நலிந்தாலும் வேகம் இவ்வாறு குறையலாம். வெப்பத்தை அளக்கும் சென்சார் பொய் சொன்னாலும், மின்சாரத்தைப் பங்கிடும் பாகம் பழுதுபட்டாலும் அவ்வாறே. ஆகவே, அதே மாடலுக்குரிய கம்பெனிச் சார்ஜரை இரவல் வாங்கிப் பொருத்தி, டாஸ்க் மேனேஜரில் வேகத்தைப் பாருங்கள். வேகம் மீண்டுவிடுமாயின் தங்களுக்கு வழக்கில்லை. சார்ஜர் வாங்கும் செலவோடு விஷயம் முடிந்தது. மீளாவிடில், வழக்குக்கு இடமிருக்கிறது என்ற அளவில் மாத்திரம் சொல்லலாம். வெளிச் சார்ஜரே மதர்போர்டைக் கெடுத்தது என்ற கம்பெனியின் வாதம் அப்போதும் நிற்கும். அதைத் தீர்க்க, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி பொருளை உரிய பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பக் கோர வேண்டியிருக்கும். பிராசஸரின் வேகத்தைக் குறைக்கும் அந்த ஆபத்துச் சமிக்ஞையையே அடக்கிவிடும் இலவச மென்பொருள் ஒன்றை நண்பர் போட்டுத் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். சூட்டிலிருந்து காக்கும் ஏற்பாட்டை அது முடக்குவதோடு, தாங்களே சாட்சியத்தைக் கலைத்ததாக எதிர்த்தரப்பு சாதிக்கவும் இடமாகும்.

கடைக்காக வாங்கியதால் தாங்கள் நுகர்வோரல்லர் என்ற ஆட்சேபம் வரலாம். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் எதிர்த்தரப்பாக இருந்த லக்ஷ்மி என்ஜினியரிங் வழக்கில் 1995-இல் உச்சநீதிமன்றம் டைப்ரைட்டரையே உதாரணமாக எடுத்துக்கொண்டு, சுயதொழிலால் ஜீவனம் நடத்துவதற்கு மாத்திரமே வாங்கியவர் நுகர்வோராகவே இருக்கிறார் என்று விளக்கியிருக்கிறது. சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்துகிறீர்களா என்பதைத் தாங்கள் எழுதவில்லை.

இனி, தங்கள் அசிரத்தையைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியவில்லை. 18 சதவீத வரி மிச்சமாகும் என்று கடைக்காரர் சொன்ன மாத்திரத்தில் எஸ்டிமேட் சீட்டோடு திரும்பி வந்தீர்கள். பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை என்று அதே சட்டம் சொல்லியிருக்க, அதைக் கேட்டு வாங்காமல் விட்டவர் தாங்கள். சர்வீஸ் சென்டரில் யந்திரத்தை ஒப்படைத்தபோது, தேதியும் கோளாறின் விவரமும் குறித்த ஜாப் ஷீட் ஒன்று கைக்கு வந்திருக்க வேண்டும். அது எங்கே என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வாரண்டி காலத்துக்குள் முறையிட்டீர்கள் என்பதற்கு அதுவே முதன்மையான ருசு. பழைய பாட்டரியுள்ள ஐபோன்களின் வேகம் குறைவதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காததற்காக 2020-இல் பிரான்ஸ் அரசு ஆப்பிள் கம்பெனிக்கு இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்ததைத் தேடிப் படித்து எனக்கு எழுத அவகாசமிருந்த தங்களுக்கு, சர்வீஸ் சென்டருக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்ப 22 மாதங்களில் அவகாசம் வாய்க்கவில்லை! அந்த விவகாரத்தில் வேகத்தைக் குறைத்ததை 2017-இலேயே கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டது. தங்களுக்கு அதனால் உபகாரமில்லை.

69-ஆம் பிரிவின்படி, வழக்குக் காரணம் எழுந்த தேதியிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும். சர்வீஸ் சென்டர் மறுத்த நாளை விட்டு, கோளாறு தோன்றிய நாளிலிருந்தே எதிர்த்தரப்பு கணக்கிடும். அவர்கள் மௌனமாயிருந்தாலும் ஆணையமே காலவரம்பைப் பார்த்தாக வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு. இடையில் கடிதங்கள் எழுதிக்கொண்டிருப்பது காலவரம்பை நீட்டாது. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டெனினும், கடையில் வேலை மிகுதி என்பது போதிய காரணமாக ஏற்கப்படும் என்று நான் நம்பவில்லை.

தாங்கள் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம்; 5 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமில்லை. கடிதத்தை மாத்திரம் கண்டு கூறிய இந்த அபிப்பிராயத்தை நம்பித் தாங்களாகப் புகார் எழுதிவிட வேண்டாம். இவ்வாரத்திலேயே வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். எஸ்டிமேட் சீட்டு, பணம் செலுத்தியதைக் காட்டும் வங்கிக் கணக்கின் நகல், லேப்டாப்பின் சீரியல் எண், எலி கடித்த பழைய சார்ஜர் இவற்றோடு, சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பெற்ற ஜாப் ஷீட்டின் நகலையும் உடன் கொண்டுபோங்கள்; புதிய சார்ஜரை எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்பதையே அவர் முதலில் கேட்பார்.