பனை வைரம்: மரத்தைத் தேரும் முறையும் வேலை செய்யும் முறையும்

பனை எல்லோரும் அறிந்த மரம். ஆயினும் அதன் கட்டை மற்ற மரங்களின் கட்டையைப் போன்றதன்று. தேக்கு, வேம்பு, வாகை முதலியவற்றில் வைரம் உள்ளே இருக்கும். பட்டையை அடுத்த பாகம் வெளுத்தும் மென்மையாயும் இருக்கும். பனையிலோ வைரம் வெளிப்புறத்தில் உள்ளது. நடுவில் இருப்பது வெறுஞ் சோறு. இவ்வேற்றுமையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். புறத்தே வைரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரமுடையவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. தற்காலத் தாவர நூலும் பனையை, புல்லும் மூங்கிலும் அடங்கிய ஒருவித்திலைத் தாவரங்களோடே சேர்க்கின்றது.

ஏனைய மரங்களில் பட்டைக்கு அடியில் ஆண்டுதோறும் புதிய கட்டை படிந்து அடிமரம் பருக்கும். பனைக்கு அவ்வித ஏற்பாடு இல்லை. அதன் உடலில் உள்ள நார்க்கற்றைகளே வயது ஏற ஏறத் தடித்துக் கறுத்து இறுகுகின்றன. இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, இளம்பனையில் வைரம் இராது. இரண்டாவது, பனையில் பட்ட வெட்டு ஒருநாளும் மூடி ஆறாது.

மரத்தை அறிதல்

உத்தரம், கைமரம் முதலியவற்றுக்கு எண்பது, நூறு ஆண்டு கண்ட பனையே உகந்தது. பனைக்கு ஆண்டு வளையம் இல்லாமையால், வளையம் எண்ணி வயதறிதல் இயலாது. மரத்தின் உயரத்தையும், ஊர் முதியோர் சொல்லையும் கொண்டே மதிக்க வேண்டும். கோடரியின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டினால் முதிர்ந்த மரம் கணீரென்று ஒலிக்கும். இளமரமும் உள்ளே அழுகிய மரமும் மந்தமாக ஒலிக்கும். வைரம் பார்ப்பதற்காக நிற்கும் மரத்தைக் கொத்திப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். மரம் வேண்டாமென்று விட்டுப் போனாலும், அக்காயத்தின் வழியே நீரும் பூச்சியும் புகும்.

வெட்டி வீழ்த்தியபின் அறுத்த முகத்தைப் பார்த்தால் தரம் ஐயமின்றி விளங்கும். கறுத்த நார்ப்புள்ளிகள் விளிம்பில் நெருங்கி, அந்நெருக்கம் உள்நோக்கி எவ்வளவு தூரம் செல்கின்றதோ, அவ்வளவே பயன்படும் கட்டை. அடிப்பாகம் மிகக் கடினமானது. மேலே செல்லச் செல்ல வைரம் மெலியும். எனவே பாரம் தாங்கும் வேலைக்கு அடிப்பாகத்தையும், இலேசான வேலைக்கு மேற்பாகத்தையும் ஒதுக்குக.

வேலை செய்தல்

1. பனை நார் நேராக ஓடுவதால், ஆப்பு அடித்து நீளவாக்கில் இரண்டாகவும் நான்காகவும் பிளக்கலாம்.

2. பிளந்தவுடன் வாச்சியால் சோற்றை முழுவதும் செதுக்கி நீக்குக. சோறு ஈரத்தைப் பிடித்து வைப்பது. உளுத்தலும் கறையானும் அங்கிருந்தே தொடங்கும்.

3. மற்ற மரங்களில் வெளிப்புறத்தைக் கழித்து உட்புறத்தைக் கொள்வோம். இங்கே அது தலைகீழ். அழகு கருதி வெளிப்புறத்தை ஆழமாக இழைப்பவர் நல்ல பாகத்தை எறிந்துவிட்டு நலிந்த பாகத்தை வைத்துக்கொள்பவராவர்.

4. சட்டங்களை நிலத்தில் படாமல் நிழலில் அடுக்கி, இடையிடையே குறுக்குக் கட்டைகள் வைத்துக் காற்றோட்டத்தில் உலர்த்துக.

5. ஆணி அடிக்குமுன் துளையிடுக. இன்றேல் சட்டம் பிளக்கும். கருவிகள் விரைவில் மழுங்குமாதலால் அடிக்கடி தீட்ட வேண்டும். சிலாம்பு கையில் ஏறாதபடி விளிம்புகளைச் சீவிவிடுக.

6. கைமரத்தைப் பட்டையாகக் கிடத்தாமல் குத்துநிலையில் வைத்தால் அதே கட்டை அதிகப் பாரம் தாங்கும்.

சோறு நீக்கிக் குடைந்த தண்டு நீர் செல்லும் குழாயாகவும் பயன்படும். ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து பனங்கட்டைகள் வெளியூர்களுக்குக் கப்பலேறின என்பது இதன் உறுதிக்குச் சான்றாகும்.

வெட்டுமுன் ஆலோசிக்க வேண்டியவை

செங்கற் சூளைக்கு விறகாக இளம்பனைகளை விற்பது பெருநஷ்டம். அவற்றில் வைரம் இல்லை. விறகு விலையே கிடைக்கும். நிற்கவிட்டாலோ பதநீர், நுங்கு, பழம், ஓலை, நார் ஆகியவை பல்லாண்டு கிடைத்து, முடிவில் வைரமும் எஞ்சும். பனை 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. ஆகவே நிலமுடையோர் வெட்டுமுன் கிராம நிர்வாக அலுவலரைக் கலந்துகொள்வது நலம். கிராம அதிகாரிகளும், மரம் முதிர்ந்ததா, பட்டுப்போனதா, இளமரமா என்பதை மேற்கூறிய குறிகளால் நேரில் பார்த்து அறிதல் வேண்டும்.

வெட்டும் ஒவ்வொரு பனைக்கும் ஈடாகப் பல விதைகளை ஊன்றுக. முளை நேரே கீழ்நோக்கி ஆழமாய்ச் செல்வதால், நாற்றுப் பிடுங்கி நடுவதைவிட, வடகிழக்குப் பருவமழைக்கு முன் நிலைத்த இடத்திலேயே விதைப்பது சிறந்தது. வரப்பு, ஏரிக்கரை, புறம்போக்கு ஓரம் ஆகியவை ஏற்ற இடங்கள். அலகுப் பனையா பருவப் பனையா என்பது பூத்த பின்னரே தெரியுமாதலால் சற்று அதிகமாகவே விதைக்க வேண்டும். இன்று நாம் வீட்டுக்கு ஏற்றும் கைமரம் பாட்டனார் காலத்தில் ஊன்றிய விதை. பேரப் பிள்ளைகளுக்கு வேண்டிய கைமரத்தை ஊன்றும் பொறுப்பு நம்முடையது.