180 கிலோமீட்டர் வேகம் எங்கே போகிறது?

சிப்பாங் பந்தயத் தடம் தொழில்முறை வீரர்களுக்கு மட்டும் உரியதன்று. 1999-இல் திறக்கப்பட்ட அந்தத் தடத்தில், பந்தயம் இல்லாத சில நாள்களில் சாதாரணக் கார் வைத்திருப்பவர்களும் கட்டணம் செலுத்தி ஓட்டலாம். இதை 'டிராக் டே' என்பார்கள். பரிசு கிடையாது, வெற்றி தோல்வியும் கிடையாது. பாதுகாப்பு விளக்கத்தைக் கேட்டு, தலைக்கவசம் அணிந்து, சொந்தக் காரை வேகமாக ஓட்டிப் பார்க்கலாம். மைவி, சத்ரியா போன்ற சிறிய கார்களைக்கூட மாற்றியமைத்துக் கொண்டுவருகிறார்கள்.

புதிதாக வருபவர்கள் பலர் முதலில் பணத்தைக் கொட்டுவது எஞ்சினில். ஆனால் தடத்தில் முதலில் காலை வாருவது பெரும்பாலும் பிரேக்தான். ஏன் என்பதற்கு நீங்கள் பள்ளியில் படிக்கும் ஒரு சூத்திரமே பதில் சொல்லும்: இயக்க ஆற்றல் = ½ × நிறை × வேகத்தின் வர்க்கம்.

சிப்பாங்கின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். முதன்மை நேர்ப்பாதை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீண்டு, இறுக்கமான ஒரு வலப்பக்க வளைவில் முடிகிறது. ஓட்டுநரையும் சேர்த்து 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் அங்கே மணிக்கு 180 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 1,250,000 ஜூல். வளைவுக்குள் நுழைய வேகம் வினாடிக்கு 20 மீட்டராகக் குறைய வேண்டும். அப்போது மிஞ்சும் ஆற்றல் 200,000 ஜூல் மட்டுமே. மீதி 1,050,000 ஜூல் எங்கே போனது?

அழியவில்லை. காற்றும் எஞ்சினும் கொஞ்சம் வாங்கிக்கொள்ள, பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிவிட்டது. அது எவ்வளவு தெரியுமா? 30 பாகை செல்சியஸில் உள்ள மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அதுவும் மூன்றே வினாடிகளில்! ஆற்றலை நேரத்தால் வகுத்தால் 350 கிலோவாட் திறன் வரும். 1.5 லிட்டர் மைவியின் எஞ்சின் தருவது 75 கிலோவாட் அளவுதான். ஆக, காரில் உள்ள மிக வலிமையான இயந்திரம் எஞ்சின் அன்று, பிரேக்!

முன்சக்கரங்களின் இரண்டு டிஸ்க்குகளும் இதில் 70 விழுக்காட்டை ஏற்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 5 கிலோகிராம் வார்ப்பிரும்பு என்றால், ஒரே ஒரு முறை பிரேக் பிடித்ததில் அவற்றின் வெப்பநிலை சுமார் 160 பாகை உயரும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். எஞ்சினை மாற்றியமைத்து 180-ஐ 200 ஆக்கினால், வேகம் 11 விழுக்காடுதான் கூடும். இயக்க ஆற்றலோ 23 விழுக்காடு கூடிவிடும். வர்க்கத்தின் வேலை அது.

டிஸ்க் இந்தச் சூட்டைத் தாங்கும். தாங்காதது பிரேக் எண்ணெய். எண்ணெய் என்கிறோமே தவிர, பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைகோல் சார்ந்த ஒரு திரவம். திரவத்தை அழுத்திச் சுருக்குவது கடினம். அதனால் பெடலில் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் பாஸ்கல் தத்துவத்தின்படி சக்கரம் வரை அப்படியே போய்ச் சேர்கிறது. திரவம் கொதித்தால் கதை மாறும். குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் தோன்றும். வாயு எளிதில் சுருங்கும். காலின் அழுத்தமெல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விட, பெடல் தரைவரை அமுங்கும், கார் நிற்காது.

இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சக்கூடியது. நம் நாட்டில் ஈரத்துக்கா பஞ்சம்? 'டாட் 4' வகைத் திரவம் புதிதாக இருக்கையில் 230 பாகை வரையாவது கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடும். தடத்துக்குப் போகுமுன் செய்ய வேண்டிய முதல் மாற்றம் எது என்று கேட்டால், டர்போ அன்று, புதிய பிரேக் திரவம் என்பேன். உயர் வெப்பம் தாங்கும் பிரேக் பேட், டிஸ்க்குக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய் ஆகியவை அடுத்து வரட்டும்.

ஓட்டும்போது பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனால், அது எச்சரிக்கை. வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசிச் சுற்றையும் பிரேக்கை அதிகம் தொடாமல் நிதானமாக ஓட்டுவார்கள்; ஓடும் காற்று டிஸ்க்கைக் குளிர்விக்கும். உடனே நிறுத்திவிட்டால் காற்றோட்டம் நின்று, டிஸ்க்கின் வெப்பம் பேட் வழியாகத் திரவத்துக்குக் கடக்கும். ஓடும்போது கொதிக்காத திரவம் நின்றபின் கொதிப்பதும் உண்டு! நிறுத்திய பிறகு கைப்பிரேக்கை இழுப்பதில்லை. சூடான டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொண்டே இருக்கும் என்பதால், சக்கரத்துக்குக் கட்டை வைப்பார்கள்.

கெந்திங் மலையிலிருந்து இறங்கும் கார்களுக்கும் இதே சிக்கல்தான். வேகம் குறைவாக இருந்தாலும், அங்கே நிலையாற்றல் வெப்பமாக வேண்டியிருக்கிறது. அதனால்தான் கீழ் கியரில் இறங்கச் சொல்கிறார்கள். எஞ்சினும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். அதே 1,000 கிலோகிராம் கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் ஆற்றல் எவ்வளவு? சிப்பாங்கின் அந்த ஒரு பிரேக்கைப் போல எத்தனை மடங்கு? புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.