பணிப் பகிர்வும் சிறுவணிகமும்

திருக்குறளின் பொருட்பாலில் 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. 52ஆம் அதிகாரம் 'தெரிந்து வினையாடல்'. ஆளை ஆராய்ந்து நம்புதல் முன்னது. நம்பியவரிடம் அவர்க்கேற்ற வினையை ஒப்படைத்தல் பின்னது. அரசர்க்கு உரைக்கப்பட்ட இம்முறைவைப்பு சிறுவணிகர்க்கும் பொருந்துவதாகும்.

மளிகைக் கடை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். கொள்முதல், கல்லா, கணக்கு, கடன் வசூல் ஆகிய அனைத்தையும் முதலாளி ஒருவரே சுமக்கிறார். அவர் நோயுற்றால் கடை அடைபடுகிறது. பத்தாண்டுகள் உழைத்த பணியாளரோ பொட்டலம் மடிப்பதற்கு அப்பால் எதுவும் அறியாதவராய் நிற்கிறார். இழப்பு இருவர்க்கும் உரியது.

"என்போல் வேறெவரும் செய்யார்" என்பதே வணிகர் பலரின் தயக்கம். கற்பிக்காத வேலையை எவர்தாம் செய்வார்? முதலில் சரக்கிருப்பைக் குறித்துவைக்கும் பணியைத் தரலாம். அடுத்து, ஒரு வரம்புத் தொகைக்குள் கொள்முதல் செய்யும் உரிமையை வழங்கலாம். பணம் வாங்குபவர் ஒருவர், கணக்கெழுதுபவர் மற்றொருவர் என அமைத்தால் ஐயத்திற்கு இடம் குறையும்.

எனினும், பணியைப் பகிர்வது பொறுப்பைக் கைகழுவுவது அன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, முகவர் தமக்களிக்கப்பட்ட அதிகாரத்திற்கு உட்பட்டுச் செய்த செயல், அவரை அமர்த்தியவரைக் கட்டுப்படுத்தும். ஆகவே, அதிகார எல்லையை எழுதிக் கொடுப்பதும், வாரந்தோறும் கணக்கைப் பார்ப்பதும் உரிமையாளரின் கடன். அதன்பின் அடிக்கடி குறுக்கிடுதல் முறையன்று.

உரிமையாளர் ஒரு திங்கள் இல்லாதபோதும் நடைபெறும் கடையே நிலைபெற்ற கடை. அங்கே இன்றைய பணியாளர் நாளைய வணிகராக உருவாகிறார்.