உருண்டை உயராது

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஜிம்னிக்கு மூன்று இஞ்ச் லிஃப்ட் கிட் போட்டால் எந்தக் கல்லையும் தாண்டிவிடும் என்று கடைக்காரர் சொன்னதைப் படித்ததுமே பதில் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதினால் என் கையெழுத்தை நானே படிக்க முடியாது என்பதால் எழுந்துவிட்டேன். என்னைத் திரும்ப உட்கார வைத்தது நீ கடைசி வரியில் கேட்டிருந்த கேள்வி. நண்பனுடைய தாரில் லிஃப்ட் போட்டதும் முன் டிஃபரன்ஷியல் உயர்ந்தது, உன் வண்டியில் உயராது என்கிறார் ஒரு மெக்கானிக். இதில் எது சரி என்று கேட்டிருந்தாய்.

இரண்டும் சரிதான். தாரின் முன்பக்கத்தில் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். டிஃபரன்ஷியல் சேஸிஸில் தொங்குகிறது. சேஸிஸ் உயர்ந்தால் அதுவும் உயரும். உன் ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்ஸில். டிஃபரன்ஷியல் உருண்டை அந்த ஆக்ஸிலின் வயிற்றிலேயே இருக்கிறது. ஆக்ஸில் சக்கரத்தின் மேல், சக்கரம் தரையின் மேல். ஸ்பிரிங் இருப்பது ஆக்ஸிலுக்கு மேலே. மேலே இருப்பதை எவ்வளவு நீட்டினாலும் கீழே இருப்பது எப்படி உயரும்? மூன்று இஞ்ச் என்ன, முப்பது இஞ்ச் போட்டாலும் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து அளந்து பார்த்தாலே தெரிகிற விஷயம் இது. ஆனால் அதை மட்டும் யாரும் செய்வதில்லை!

உருண்டையை உயர்த்த நடைமுறையில் ஒரே வழி டயர். கம்பெனி டயர் 195/80 ஆர்15. அதன் விட்டம் 693 மி.மீ. 235/75 போட்டால் 733. நாற்பது கூடினாலும் ஆக்ஸிலுக்குக் கிடைப்பது அதில் பாதி, அதாவது இருபது. அதற்கும் விலை உண்டு. ஜிம்னியின் லோ கியர் விகிதமே 2.002தான், அதிகம் இல்லை. ஆறு சதவீதம் பெரிய டயர் போட்டால் அது 1.9க்கும் கீழே போனதற்குச் சமம். 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொண்ட எஞ்ஜினை வைத்துக்கொண்டு ஏற்றத்தில் இதை நீ நன்றாகவே உணர்வாய். ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டுவது வேறு.

அப்படியானால் லிஃப்ட் எதற்கு? சேஸிஸின் நடுவயிறு மேட்டில் தட்டாமல் இருக்கவும், பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்கவும். அவ்வளவுதான். மூன்று கதவு ஜிம்னிக்கும் உன் ஐந்து கதவு ஜிம்னிக்கும் கிரவுண்ட் கிளியரன்ஸ் ஒன்றே, 210 மி.மீ. ஆனால் மேட்டைத் தாண்டும் கோணம் மூன்று கதவுக்கு 28 டிகிரி, உனக்கு 24. உன் வண்டியின் வீல்பேஸ் அதைவிட 340 மி.மீ. அதிகம். சின்ன லிஃப்ட் ஒன்று உனக்கு நியாயமாகத் தேவைப்பட்டால் அது இந்த நான்கு டிகிரிக்காகத்தான்.

இனி என் பழைய பைத்தியமான வடிவியல் கணக்குக்கு வருகிறேன். வகுப்பில் நான் இதைத் தொடங்கினால் பின்பெஞ்சு தூங்கிவிடும். ஆக்ஸில் நேராக மேலும் கீழும் போவதில்லை தம்பி. அதைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு தண்டும் ஒரு முனையைச் சுற்றி வட்டமடிக்கிறது. பான்ஹார்டு ராடை எடுத்துக்கொள். ஆக்ஸில் பக்கவாட்டில் ஓடாமல் பிடித்திருக்கும் குறுக்குத் தண்டு. அந்தப் பெயர் பான்ஹார்டு லெவாசோர் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது. 1895இல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில் எமில் லெவாசோர் ஏறக்குறைய தனியாளாக 48 மணி 48 நிமிடம் ஓட்டி முதலில் வந்து சேர்ந்தார். வண்டியில் இரண்டே இருக்கை என்று முதல் பரிசை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த அநியாயத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். இப்போது தண்டுக்கு வருவோம்.

நீளம் 900 மி.மீ., படுக்கையாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள். வண்டியை 50 உயர்த்தினால் ஆக்ஸில் பக்கவாட்டில் 1.4 மி.மீ. நகரும், பித்தாகரஸ் போட்டுப் பார். போகட்டும் என்று விட்டுவிடலாம். 100 உயர்த்தினால் 5.6. உயரம் இரண்டு மடங்கு, கோளாறு நான்கு மடங்கு! உண்மையில் தண்டு ஏற்கெனவே கொஞ்சம் சாய்ந்தே இருக்கும் என்பதால் கணக்கு இதைவிட மோசமாகவே வரும். முதல் இஞ்ச் மலிவு, மூன்றாவது இஞ்ச் கொள்ளை என்று நான் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான். பிரேக் ஹோஸ், ப்ரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ், பம்ப் ஸ்டாப் எல்லாமும் உயரம் கூடக்கூடத் தொல்லை தரும்.

ஸ்டியரிங் அச்சின் சாய்வான காஸ்டரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உன் முன் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் இரண்டு கைகளும் பின்னால் சேஸிஸில் தொடங்கி முன்னோக்கி வருகின்றன. சேஸிஸ் உயர்ந்தால் கையின் பின்முனை மேலே போகும். ஆக்ஸில் மூக்கைக் கவிழ்த்துக்கொள்ளும். கை 800 மி.மீ. என்றால் 50 மி.மீ. லிஃப்டுக்கு மூன்றரை டிகிரி கவிழும். சைக்கிளின் முன் ஃபோர்க்கை நிமிர்த்தி வைத்ததுபோல ஆகிவிடும். வளைவு முடிந்து கையை விட்டால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும். இதைச் சரிசெய்யும் ஆஃப்செட் புஷ் இல்லாமல் வரும் கிட்டைத் தொடாதே. எனக்குத் தெரிந்த ஒருவர் ஸ்பிரிங் மட்டும் மாற்றிவிட்டு, நான்கு மாதம் அலைன்மென்ட் கடைக்கு நடந்துகொண்டிருந்தார். அலைன்மென்ட் கடைக்காரர்மேல் பழி!

ஸ்பிரிங் விஷயத்திலும் ஒரு ஏமாற்று உண்டு. ஒரு மி.மீ. அமுங்க 3 கிலோ கேட்கும் ஸ்பிரிங், 300 கிலோ பாரத்தில் 100 மி.மீ. அமுங்கி நிற்கும். அதே நீளத்தில் இரண்டு மடங்கு விறைப்பான ஸ்பிரிங் போட்டால் 50தான் அமுங்கும். வண்டி 50 உயர்ந்துவிட்டது! ஆனால் சக்கரம் பள்ளத்தில் இறங்க இப்போது 50 மட்டுமே மிச்சம். அதற்குமேல் ஸ்பிரிங் தொளதொளவென்று ஆடும், சக்கரம் அந்தரத்தில் சுற்றும். காட்டுப்பாதைக்கு என்று வாங்கியது காட்டுப்பாதையிலேயே கைவிடும். ஆகவே இஞ்சைக் கேட்பதற்கு முன்பு பாரத்தைக் கேட்க வேண்டும். நீ இரும்பு பம்பரும் வின்ச்சும் நிரந்தரமாக மாட்டப்போகிறாயா, வெறும் வண்டியா? கூடாரம், தண்ணீர் கேன், நண்பர்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு எடைமேடைக்குப் போ. முன் ஆக்ஸிலை மட்டும் ஏற்றி ஒரு முறை, பின் ஆக்ஸிலை ஏற்றி ஒரு முறை எடை போடு. அந்த இரண்டு எண் இல்லாமல் ஸ்பிரிங் விற்பவர், அளவெடுக்காமல் சட்டை தைப்பவர்.

ஸ்பிரிங்குக்குக் கீழே ரப்பர் கட்டை வைத்துத் தூக்குவது பற்றியும் கேட்டிருந்தாய். உயரும். ஷாக் அப்சார்பர் பழைய நீளத்திலேயே இருப்பதால் சக்கரம் தொங்கும்போது டங்கென்று அடிக்கும். பாடியை மட்டும் சேஸிஸிலிருந்து உயர்த்தும் பாடி லிஃப்ட் டயருக்கு இடம் தரும், வேறொன்றும் தராது.

சட்டத்தையும் தெரிந்துகொள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று சேர்த்துவிட்டார்கள். "எல்லாரும்தான் போடுகிறார்கள்" என்று எனக்குப் பதில் எழுதாதே.

லிஃப்ட் இல்லாமலும் கல்லைத் தாண்டலாம். கொழுக்குமலைக்கு சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் போயிருக்கிறாய் அல்லவா? கமான் பட்டை வைத்த பழைய ஜீப்புகள். லிஃப்ட் கிட் என்ற சொல்லையே கேள்விப்படாதவை. நான் போனபோது முன்சீட்டில் உட்கார்ந்து டிரைவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய கல் வந்தால் நம்மவர்கள் அதை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டு ஓட்டுவார்கள். அவர் ஒவ்வொரு முறையும் டயரைக் கல்லின்மேலேயே ஏற்றினார். டயர் ஏறினால் ஆக்ஸில் ஏறும், ஆக்ஸில் ஏறினால் உருண்டையும் ஏறும். நடுவில் விட்டால்தான் உருண்டை கல்லில் மோதும். கல்லின் உயரத்தில் ஒரு பங்கு லிஃப்டாகக் கிடைக்கும், செலவில்லாமல்! பித்தாகரஸ் எல்லாம் அவரிடம் நான் பேசவில்லை.

சட்டம் இடம் தருகிற அளவுக்குள் உனக்கு என் யோசனை இதுதான்: முதலில் 215/75 டயர், அதில் ஆறு மாதம் ஓட்டு. நடுவயிறு உண்மையிலேயே எங்கெங்கே தட்டியது என்று சேஸிஸில் கீறல்களை எண்ணு. அதன் பிறகும் வேண்டுமென்றால் 40 மி.மீ.க்கு மேல் போகாதே; அதற்கேற்ற நீள ஷாக், புஷ், நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்டு ராடு மூன்றும் சேர்ந்து வர வேண்டும். கடைக்காரரிடம் ஸ்பிரிங்கின் விறைப்பையும், ஷாக்கின் விரிந்த நீளத்தையும் சுருங்கிய நீளத்தையும் எழுதி வாங்கு. எண் தெரியாமல் விழித்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்பு.

எடைமேடைச் சீட்டை அடுத்த கடிதத்தோடு அனுப்பு. முன், பின் என்று மேலே எழுதிவிடு; போன முறை நீ அனுப்பிய அளவுகளில் எது எது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு சாயங்காலம் போயிற்று.

அன்புடன்,
உன் ஆசிரியர்