முகவரி 220

அடி அண்ணாமலை,
பௌர்ணமி

அன்புள்ள தம்பிக்கு,

இன்று கிரிவலப் பாதையில் வண்டி விட மாட்டார்கள், நீ கடைப் பக்கம் வர முடியாது. கூட்டம் ஓயும்வரை காத்திருக்க மனமில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ விட்டுப்போன பெட்டியைத் திறந்து பார்த்தேன். இன்டெல் 810 போர்டு, செலரான், விண்டோஸ் 98. விண்டோஸில் பாட்டு நன்றாகக் கேட்கிறது. டாஸுக்குப் போய் டூம் ஓட்டினால் ஊமை. “சவுண்டு சிப் போயிடுச்சு அண்ணா” என்றாய். சிப் போகவில்லை. டூம் கூப்பிடுகிற ஆள் அந்த போர்டில் குடியிருக்கவே இல்லை.

இதை நீ நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் விளையாட்டுக்கும் கார்டுக்கும் நடுவில் டிரைவர் நின்று பேசும். டாஸில் நடுவில் யாரும் இல்லை. விளையாட்டே நேராகப் போய்க் கார்டின் கதவைத் தட்டும்: முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1. அங்கே சவுண்ட் பிளாஸ்டரோ, அதைப் போலவே பதில் சொல்லத் தெரிந்த வேறொரு கார்டோ இருந்தால் துப்பாக்கி வெடிக்கும். உன் போர்டில் இருப்பது ஏசி97. அதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் 220-இல் அது இல்லை. செட்டப்பை நூறு முறை ஓட்டினாலும் பதில் வராது.

அதனால்தான் சொல்கிறேன், கையில் கிடைத்த கார்டை வைத்துக்கொண்டு விளையாட்டைத் தேடாதே. எந்த விளையாட்டு என்று முதலில் முடிவு செய். அது யாரோடு பேசுவதற்காக எழுதப்பட்டது என்று விசாரி. அப்புறம் பெட்டியைக் கட்டு. நான் இதைத் தலைகீழாகச் செய்தே பல வருஷம் வீணாக்கியிருக்கிறேன்.

இந்த 220 எப்படி ஊர் வழக்கமானது என்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1987-இல் கனடாவின் கியூபெக்கில் மார்ட்டின் பிரெவெல் என்ற இசைப் பேராசிரியர் ஆட்லிப் கார்டைக் கொண்டுவந்தார். உள்ளே இருந்தது யமஹாவின் ஒய்எம்3812 சிப். பிசி ஸ்பீக்கரின் கீச்சுச் சத்தத்தை மட்டுமே கேட்டிருந்தவர்களுக்கு ஒரே நேரத்தில் ஒன்பது குரலில் இசை கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து, சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ நடத்திய கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. அதிலும் அதே யமஹா சிப். ஆட்லிப்புக்காக எழுதிய விளையாட்டுகள் அதிலும் அப்படியே பாடின, கூடவே பேச்சும் வெடிச்சத்தமும் வந்தன. 1992-இல் ஆட்லிப் திவாலானது. பழையதைத் தள்ளாமல் தனக்குள் சேர்த்துக்கொண்டதுதான் சிங்கப்பூர் கார்டை ஜெயிக்க வைத்தது என்பது என் தீர்மானமான எண்ணம்.

ஆனால் சேர்த்துக்கொள்வதிலும் ஓட்டை விழும். 1992-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16-க்கு, அதற்கு முந்தின சவுண்ட் பிளாஸ்டர் புரோவின் ஸ்டீரியோ புரியாது. புரோவை நம்பி எழுதிய விளையாட்டு அதில் மோனோவாகத்தான் கேட்கும். ரிச்சி தெருவில் மலிவுச் சரக்கு என்று நாங்கள் மதிக்காமல் வாங்கி மாட்டிய ஈஎஸ்எஸ் 1868, யமஹா 719 கார்டுகள் அந்த இடத்தில் சரியாகப் பேசும். அட்டைப்பெட்டியின் பெயரைப் பார்க்காதே. கார்டைத் திருப்பி, சிப்பின் மேல் பொறித்திருப்பதை டார்ச் அடித்துப் படி.

பிசிஐ கார்டு போட்டால் தீர்ந்துவிடாதா என்று கேட்பாய். பாதி தீரும். யமஹா 724 கார்டில் நிஜமான எஃப்எம் சிப் இருக்கிறது, டாஸ் இசை அழகாக வரும். ஆனால் பதிவு செய்த ஒலிக்கு ஐஎஸ்ஏ டிஎம்ஏ வேண்டும். அதற்கான கம்பிகளே பிசிஐ ஸ்லாட்டில் கிடையாது. சில போர்டுகளில் எஸ்பி-லிங்க் என்று சின்ன கனெக்டர் வைத்து அந்தக் குறையை அடைத்தார்கள். அது இல்லையென்றால், பெரும்பாலும் நினைவகத்தில் உட்கார்ந்து நடிக்கும் ஒரு புரோகிராம்தான் கதி. சில விளையாட்டு அதை ஏற்கும், சிலது அப்படியே நின்றுவிடும்.

கிராபிக்ஸ் பக்கம் டாஸுக்கு எஸ்3 டிரையோ64 போதும். யாரோடும் சண்டை போடாத கார்டு. 1996-இல் வந்த 3டிஎஃப்எக்ஸ் வூடூவைப் பற்றித்தான் உனக்குக் கனவு அதிகம், எனக்குத் தெரியும். அது தனியாகப் படம் காட்டாது. முதல் கார்டிலிருந்து ஒரு விஜிஏ கேபிள் அதற்குள் போய், அதிலிருந்துதான் மானிட்டருக்குப் போகும். விண்டோஸ் திரையைக் காட்டுவது முதல் கார்டு, 3டி விளையாட்டு தொடங்கியதும் வூடூ கையில் எடுத்துக்கொள்ளும். அதன் பேச்சு கிளைட். கிளைடுக்கு மட்டும் எழுதிய விளையாட்டு, எவ்வளவு விலை உயர்ந்த என்விடியா கார்டு போட்டாலும் நேராக ஓடாது. ஆகவே நல்ல 2டி கார்டு ஒன்றும், குட்டையான, தடித்த கேபிள் ஒன்றும் இல்லாமல் வூடூ வாங்காதே. கேபிள் மட்டமாக இருந்தால் எழுத்தெல்லாம் மங்கும்.

ஏஜிபி விஷயத்தில் கொஞ்சம் நின்று கேள். பழைய ஏஜிபி கார்டு 3.3 வோல்ட், பிந்தியது 1.5 வோல்ட். 3.3-க்கு வெட்டு, ஸ்க்ரூ போடும் தகட்டுப் பக்கம் இருக்கும். 1.5-க்குத் தள்ளி இருக்கும். இரண்டு வெட்டும் இருந்தால் எதிலும் போகும் என்று பொருள். இந்தக் கணக்கை நம்பித்தான் ஒரு வாடிக்கையாளரின் இன்டெல் 845 போர்டில் இரண்டு வெட்டுள்ள கார்டைச் செருகினேன். கார்டு அழகாக உட்கார்ந்தது. ஸ்விட்சைப் போட்ட கையை எடுப்பதற்குள் வாடை வந்துவிட்டது. அந்தக் கார்டு 3.3-இல் மட்டுமே ஓடுவது, வெட்டை மட்டும் இரண்டாகப் போட்டிருந்தார்கள். 845 போர்டு 1.5-ஐத் தவிர வேறெதையும் தாங்காது. புது போர்டு வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து, சிப்பின் பெயரைப் படித்து அதன் வோல்ட்டை உறுதி செய்யாமல் ஒரு ஏஜிபி கார்டைக்கூட நான் செருகியதில்லை. நீயும் செருகாதே.

இப்போது உன் இரண்டாவது பெட்டி. நீ போனில் படம் அனுப்பி, “இது 486 அண்ணா, ஸ்லோ, காயலான் கடையில் எடைக்குப் போட்டுடட்டுமா” என்று கேட்டாயே, அது. போடாதே. நீ தேடும் பெட்டி அதுதான். ஐஎஸ்ஏ ஸ்லாட் இருக்கிறது, அதற்கு வால் முளைத்ததுபோல் பழுப்பு நிற வெஸா லோக்கல் பஸ் ஸ்லாட் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மாட்டியிருப்பது சவுண்ட் பிளாஸ்டர் புரோ. அதன் ஐஆர்க்யூ ஜம்பரை யாரோ 7-இல் விட்டிருக்கிறார்கள். பிரிண்டர் போர்ட்டுக்கும் வழக்கமான எண் 7-தான், இரண்டும் மோதும். 5-க்கு மாற்ற வேண்டும். மாற்றுமுன் இப்போது இருக்கும் நிலையை ஒரு தாளில் வரைந்துவை.

அதே படத்தில் கீபோர்டு கனெக்டர் பக்கத்தில், விரல் நுனி அளவில் நீலமாக ஒன்று படுத்திருக்கிறது பார். அது 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி. அதன் ஓரத்தில் பச்சை பூத்துவிட்டது. கசிந்தால் போர்டின் செம்புக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தின்றுவிடும், அப்புறம் எந்தக் கார்டு இருந்தும் பயனில்லை. பேட்டரியின் கால்களைக் கட்டரால் வெட்டி எடு. பச்சை உள்ள இடத்தை வினிகர் தொட்ட பஞ்சால் துடை, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடு. அந்த இடத்தில் காசு பேட்டரியை நேராக வைத்துவிடாதே. போர்டு அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும், நடுவில் ஒரு டையோடு வேண்டும். அதைக் கடையில் நான் போட்டுத் தருகிறேன்.

மற்ற வேலை எல்லாம் பௌர்ணமி கழியட்டும். அந்தப் பேட்டரியை மட்டும் இன்று ராத்திரியே எடுத்துவிடு.

அன்புடன்,
அண்ணன்