தலை கிள்ளின நெத்திலி

இராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகே என் தகப்பனார் காலத்திலிருந்து நடந்துவரும் கருவாட்டுக் கடைக்கு வலைத்தளம் ஒன்று அமைத்தபோது, படித்தவர்கள் கண்ணுக்கு அது கௌரவமாகத் தோன்ற வேண்டும் என்ற ஆசையால், சரக்கின் பெயர்களையெல்லாம் 'டிரைடு ஆங்கோவி', 'டிரைடு ரிப்பன் ஃபிஷ்' என்று ஆங்கிலத்திலேயே எழுதிவைத்தேன்; ஆறு மாத காலம் அதன் வழியாக ஓர் ஆர்டரும் வரவில்லை.

பிழை எங்கே என்று எனக்குப் புலப்பட்டது ஒரு வாடிக்கையாளரின் கேள்வியால்தான். காசிமேட்டிலிருந்து நடந்து வந்த வயதான அம்மாள், கூடையைக் கீழே வைத்துவிட்டு, "தலை கிள்ளின நெத்திலி கீதா, தம்பி?" என்று கேட்டார். அன்றிரவே கைப்பேசியில் 'நெத்திலி' என்று தட்டிப் பார்த்தேன். மீதிச் சொற்களைக் கூகுளே கீழே வரிசையாக நீட்டியது. அவ்வரிசை ஜனங்கள் வாஸ்தவமாகத் தேடுகிற சொற்களின் ஜாபிதா. அதில் என் ஆங்கிலப் பெயர்கள் ஒன்றுகூட இல்லை. ஒத்த பொருளுடைய சொற்களைத் தேடுபொறி ஓரளவு அறியும் என்றாலும், நாம் எழுதாத சொல்லை நமக்காக அது எழுதிக்கொள்ளாது. 'தலை கிள்ளின நெத்திலி' என்பதையே தலைப்பாக இட்டு, படமும், எத்தனை நாள் வெயிலில் காய்ந்தது, உப்பு எவ்வளவு என்ற விவரமும் சேர்த்து எழுதிய பக்கம்தான் இன்றைக்கும் எங்களிடம் அதிகம் பேர் வந்து பார்க்கும் பக்கம்.

ஊர்ப்பெயர் விஷயமும் இப்படித்தான். எண்ணூர்த் துறைமுகத்துக்கு 2014-ல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் சூட்டப்பட்டது. ஆனால் லாரி ஓட்டுகிறவர்களின் நாவில் அது இன்னும் எண்ணூர்த் துறைமுகமே. இரண்டு பெயராலும் தேடுகிறவர்கள் இருப்பதால், இரண்டையும் ஒருசேர எழுதுகிற வியாபாரியே இரு சாராருக்கும் தென்படுவான். நாங்கள் 'இராயபுரம்' என்று மட்டும் எழுதியிருந்தோம். மீன் என்றால் ஜனங்கள் தேடுவதோ பக்கத்து மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டை.

இடையில் ஒரு விளம்பர நிறுவனத்தின் பேச்சைக் கேட்டு நான் பணமிழந்ததையும் சொல்ல வேண்டும். தாம்பரம், அண்ணாநகர், ஆவடி என்று பேட்டைக்கொரு பக்கமாக, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே வாசகத்தை நாற்பது பக்கங்களில் அச்சடித்தாற்போல் அவர்கள் ஏற்றினார்கள். இத்தகைய பக்கங்களைக் கூகுள் தன் விதிகளில் வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறது. சில வாரங்களில் அவை தேடலிலிருந்து மறைந்தன. கூகுளுக்கு அடிப்படையாக 1998-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் வெளியிட்ட ஆதார யோசனையே, ஒரு பக்கத்தின் மதிப்பை அதைச் சுட்டும் பிற பக்கங்களின் சாட்சியத்தால் அளப்பது என்பதுதான். நாமே ஏற்றிய நாற்பது பக்கங்கள் சாட்சியமாகா; சாட்சியம் பிறர் வாயிலிருந்து வர வேண்டும்.

அக்கம்பக்கத்துக் கடைகளை வரிசைப்படுத்தக் கூகுள் கொள்ளும் அளவுகோல்கள் மூன்று: பொருத்தம், தூரம், பிரசித்தி. தூரத்தை நாம் மாற்ற முடியாது என்று நினைத்து அசட்டையாக இருந்தேன். வரைபடத்தில் எங்கள் கடையின் குறி துறைமுக மதிற்சுவரோரம், கண்டெய்னர் லாரிகள் நிற்கும் இடத்தில் விழுந்திருந்ததைப் பார்த்த பிறகே அதைத் திருத்தினேன். பிரசித்திக்கு வாடிக்கையாளர் எழுதும் அபிப்பிராயங்கள் துணை. அவற்றுக்குக் காசோ தள்ளுபடியோ கொடுப்பது விதிக்கு விரோதம், நான் கொடுப்பதுமில்லை.

என்னை அதிகமாகக் கலங்கவைத்தது 2023 டிசம்பர். மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போன அந்த நாட்களில், 'எண்ணூர் மீன்' என்று தேடியவர்களுக்கு முதலில் வந்தவை அந்தச் செய்திகளே. புதிய செய்தி மிகும்போது தேடுபொறி அதையே முன்னே வைக்கும். அது நியாயமும்கூட, ஏனெனில் உண்ணுகிறவர்கள் அறிய வேண்டியது அதுவே. செய்தியைக் கீழே தள்ள வழி உண்டு என்று சொன்னவர்களுக்கு நான் செவி கொடுக்கவில்லை. எந்தச் சரக்கு எந்தக் கரையில், எந்தத் தேதியில் வாங்கியது என்று ஒவ்வொரு பொட்டலத்துக்கும் எழுதி வெளியிட்டேன். எண்ணூர்ச் சரக்கு வராத வாரங்களில் வரவில்லை என்றே எழுதினேன். வியாபாரம் மெல்லத்தான் திரும்பியது.

வலைத்தளம் தொடங்க எண்ணும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே: ஒரு வார காலம் கல்லாவில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, வருகிறவர்கள் சரக்கை எந்தச் சொல்லால் கேட்கிறார்களோ அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், வலைத்தளம் அமைப்பவரிடம் முதலில் அந்த நோட்டைக் கொடுங்கள்.